துறுதுறு பிள்ளை இருக்கும் வீட்டுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடக்கத் தொடங்கியதிலிருந்து நான்கு வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது. இந்த வயதில் பிள்ளையைத் திருத்துவதைவிட வீட்டைத் திருத்துவது சுலபம். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன.

ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை. இது சாதாரண சேட்டைதானா?

பெரும்பாலும் ஆமாம். 1 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 180 நிமிடமாவது உடம்பு அசைய விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மூன்று வயது ஆகிவிட்டால் அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டமும் குதிப்பும் இருக்க வேண்டும். மூன்று மணி நேரம் என்பது கொஞ்ச நேரமில்லை. பகலில் அது கிடைக்காத பிள்ளைதான் இரவு ஒன்பது மணிக்குச் சோபாவின் முதுகில் ஏறி நிற்கிறது. காலையில் அரை மணி, மாலையில் ஒரு மணி தெருவிலோ மொட்டை மாடியிலோ கூடவே நின்று ஓடவிட்டால் இரவுச் சேட்டையில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

"ஹைப்பர் ஆக்டிவ்" என்று உறவினர்கள் முத்திரை குத்துவதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நான்கு வயதுக்கு முன் அதை உறுதியாகச் சொல்வது மருத்துவர்களுக்கே கடினம். கவனிக்க வேண்டியவை வேறு: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை, இரண்டு வயதாகியும் "பால் தா", "அப்பா வா" என இரண்டு சொல்லைச் சேர்ப்பதில்லை, பேசிய சொற்களைப் பேசாமல் விட்டுவிட்டது. இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் காது பரிசோதனை. "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இதற்கென்றே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. குழந்தைகள் பிரிவில் கேட்டால் அனுப்புவார்கள்.

பொம்மை வாங்கிக் குவித்திருக்கிறோம். எதிலும் ஐந்து நிமிடம் நிற்பதில்லை. ஏன்?

குவித்திருப்பதால்தான். இருபது பொம்மை ஒன்றாகக் கிடந்தால் ஒன்றை எடுக்கும்போதே கண் அடுத்ததற்குப் போய்விடும். ஆறேழு பொருளை மட்டும் வெளியே வைத்து, மீதியைக் கட்டைப்பையில் போட்டுப் பரண்மேல் ஏற்றுங்கள். வாரம் ஒரு முறை மாற்றி இறக்குங்கள். இரண்டு வாரம் கண்ணில் படாத பொம்மை புதுப் பொம்மைக்குச் சமம்.

அடுத்தது, இந்த வயதுக்குப் பிடித்த வேலை என்ன என்பது. ஒன்றரை வயதில் நிரப்புவதும் கொட்டுவதும்தான் விளையாட்டு. இரண்டரை வயதில் பெரியவர்கள் செய்வதைச் செய்து பார்ப்பது. மூன்றில் "நீ மாமா, நான் கடைக்காரர்". பட்டனை அழுத்தினால் பாடும் பொம்மை இந்த மூன்றில் எதற்கும் உதவாது, பாடுவதைக் கேட்கத்தான் முடியும். சமையலறையில் இருப்பது போதும்:

- ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர் டம்ளர்கள், கிண்ணங்கள் ஐந்தாறு
- ஆழாக்கு, கரண்டி, வடிதட்டு, பழைய டிபன் பாக்ஸ்
- விளிம்பு தேய்த்த கொட்டாங்குச்சி இரண்டு
- துணிமணி மாட்டும் பெரிய கிளிப்புகள், ஒரு துண்டு கயிற்றில் கவ்வ வைக்க (ஸ்பிரிங் கழன்றவை வேண்டாம்)
- பழைய துப்பட்டா, ஒரு காலி அட்டைப் பெட்டி

கொட்டி அளக்க அரிசி மாவு அல்லது ரவை ஒரு ஆழாக்கு தாம்பாளத்தில் போட்டுத் தரலாம். கொண்டைக்கடலை, காராமணி, புளியங்கொட்டை தர வேண்டாம். மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது இது. பயறு மூக்கின் ஈரத்தில் ஊறிப் பெருத்து இறுகிக்கொள்ளும். அப்படிப் போய்விட்டால் கொண்டை ஊசியாலோ இடுக்கியாலோ தோண்டாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். தோண்டினால் உள்ளேதான் தள்ளும். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி ஒழுகினால், உள்ளே ஏதோ சில நாளாகவே இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

கடையில் வாங்குவதாக இருந்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். திருவிழாக் கடையில் கிடைப்பவற்றில் அநேகமாக இருக்காது. அதை வாங்கினால், கண், சக்கரம், விசில் எதுவும் பிய்கிறதா என்று நீங்களே பலமாக இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

களிமண் போல விளையாட வீட்டிலேயே மாவு செய்ய முடியுமா?

முடியும், செலவும் குறைவு. மைதா 1 கப், பொடி உப்பு அரை கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, அடி கனமான வாணலியில் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் கூழ் மாதிரி இருக்கும், பிறகு திடீரென்று திரண்டு ஒட்டாமல் உருண்டையாக வரும். மூன்று நான்கு நிமிடத்தில் ஆகிவிடும். தட்டில் கொட்டி, கை பொறுக்கும் சூட்டில் சப்பாத்தி மாவு மாதிரி பிசையவும். ஆறியதும் மூடி போட்ட டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும்.

கெட்டுப்போவது மூன்று இடங்களில். கல் உப்பு போட்டால் நறநறவென்று இருக்கும், உதிரும். சீக்கிரம் இறக்கினால் கையில் ஒட்டும், திரும்ப வாணலியில் போட்டு ஒரு நிமிடம் கிளறினால் சரியாகும். கடலோர ஊர்களில் ஈரக்காற்றுக்கு உப்பு நீர் விட்டுக்கொண்டு மாவு வழவழக்கும், அப்போது ஒரு கரண்டி உலர் மைதா சேர்த்துப் பிசையுங்கள். நிறத்துக்கு பீட்ரூட் சாறு போதும், ஆனால் நாள் ஆக மங்கும். மஞ்சள் தூள் நன்றாக நிற்கும், தரையிலும் சட்டையிலும்கூட.

இதில் உப்பு மிக அதிகம். கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போடும் பிள்ளைக்கு இதைத் தர வேண்டாம். வெறும் சப்பாத்தி மாவு ஒரு உருண்டை கொடுத்து, விளையாடி முடித்ததும் எறிந்துவிடலாம்.

தண்ணீரைக் கண்டால் விடுவதில்லை. விளையாட விடலாமா?

விடலாம், தண்ணீர் மாதிரி பிள்ளையை அரை மணி பிடித்து வைக்கும் பொருள் வேறு இல்லை. அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரத் தண்ணீர், இரண்டு டம்ளர், ஒரு வடிகட்டி, ஒரு ஸ்பாஞ்ச். முற்றத்திலோ பால்கனியிலோ, நீங்கள் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். முடிந்ததும் கொட்டிவிட வேண்டும்.

பயப்பட வேண்டியது குளியலறை வாளிக்கு. நடை பழகும் பிள்ளைக்கு உடம்பை ஒப்பிடத் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் கையை ஊன்றி எழத் தெரியாது, வாளியும் கவிழாது. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரே போதும். சத்தமும் கேட்காது: மூழ்கும் பிள்ளை கத்துவதில்லை. தண்ணீர் வராத ஊர்களில் வாளி, அண்டா, டிரம் எல்லாம் நிறைத்து வைக்கும் பழக்கம் உண்டு. நிறைத்தே ஆக வேண்டுமென்றால் இறுக்கமான மூடி போடுங்கள், குளியலறைக் கதவுக்கு வெளிப்புறம் பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் வையுங்கள். தரைத்தள வீடுகளில் சம்ப் மூடியையும் பாருங்கள். தண்ணீர் லாரி வந்து போன பிறகு மூடாமல் விட்ட சம்ப் ஒவ்வொரு தெருவிலும் ஒன்றாவது இருக்கும்.

கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டால்?

முதலில் பிள்ளை எட்டும் உயரத்தில் உள்ள தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றுங்கள், பத்து நிமிட வேலை. கழற்ற முடியாத கதவில் மேல் விளிம்பில் மடித்த துண்டு ஒன்றைப் போட்டு வைத்தால் கதவு முழுதாகச் சாத்தாது. அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் உருண்டைப் பூட்டு இருந்தால் சாவியை அறைக்கு வெளியே ஆணியில் மாட்டுங்கள். அறைக்குள் பீரோவில் இருக்கும் சாவியால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

சமைக்கும்போது காலைச் சுற்றிக்கொண்டே நிற்கிறாள். என்ன செய்வது?

விரட்டினால் திரும்ப வருவாள். ஒரு இடமும் ஒரு வேலையும் கொடுங்கள். அடுப்பிலிருந்து இரண்டு எட்டு தள்ளி ஒரு பாயைப் போட்டு "இது உன் இடம்" என்று சொல்லி, கறிவேப்பிலை உருவுவது, பூண்டுப் பற்களைப் பிரிப்பது, பட்டாணி உரிப்பது, வெந்த உருளைக்கிழங்கு ஆறியதும் தோல் உரிப்பது என்று கொடுக்கலாம். பட்டாணிக்கும் பூண்டுக்கும் மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும், நீங்களும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், மூக்கு விஷயம் மேலே சொன்னதுதான். வேலை மெதுவாகத்தான் நடக்கும். உங்களுக்கு உதவி கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

நம் வீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சூடு படுவது அடுப்புத் தீயால் மட்டுமல்ல. இறக்கித் தரையில் வைத்த சாம்பார், ரசம், வடித்த கஞ்சி, குளிக்கக் காய்ச்சிய வெந்நீர் இவைதான். எனவே இறக்கிய பாத்திரம் தரைக்கு வரக்கூடாது, மேடையின் உட்புறச் சுவரோரம் தள்ளி வைக்க வேண்டும். வாணலிக் கைப்பிடி உள்பக்கம் திரும்பியிருக்கட்டும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே வெந்நீர். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு காபி குடிக்க வேண்டாம். சாப்பாட்டு மேசையில் தொங்கும் விரிப்பை எடுத்துவிடுங்கள்.

சூடு பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும், பதற்றத்தில் இரண்டு நிமிடமே இருபது மாதிரி இருக்கும். பட்ட இடத்தைத் தவிர மற்ற உடம்பு குளிராமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். சட்டை, வளையல், அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள், தோலோடு ஒட்டிய துணியை மட்டும் பிய்க்க வேண்டாம். ஐஸ், பற்பசை, பேனா மை, இட்லி மாவு, முட்டை வெள்ளை எதுவும் வேண்டாம். மருத்துவர் அவற்றை வழித்தெடுத்தால்தான் காயத்தின் ஆழம் தெரியும், அந்த வலியும் பிள்ளைக்குத்தான். பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கை, பிறப்புறுப்பு இவற்றில் பட்டது, கொப்புளம் வந்தது என்றால் சுத்தமான பருத்தித் துணியால் மூடி உடனே மருத்துவமனை.

ஒரு வாய்க்கு ஒரு தெரு சுற்ற வேண்டியிருக்கிறது. எப்படிச் சாப்பிட வைப்பது?

முதலில் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற கணக்கைச் சரிசெய்ய வேண்டும். ஒன்று முதல் இரண்டு வயதில் ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் முக்கால் முதல் ஒரு கிண்ணம், நாளைக்கு மூன்று நான்கு வேளை, நடுவில் ஒன்றிரண்டு சிறு தீனி. இதுவே போதும். முதல் வயதில் எடை மூன்று மடங்காக ஏறுகிறது, அதன் பிறகு அந்த வேகம் இல்லை, பசியும் அதற்கேற்பக் குறைகிறது. "முன்னாடி நல்லாச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான்" என்று கேட்பதற்குக் காரணம் பல வீடுகளில் இதுதான்.

அடுத்து பால். ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு 400 முதல் 500 மில்லிக்கு மேல் வேண்டாம். புட்டிப்பாலாக ஒரு லிட்டர் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றுக்கு வயிற்றில் இடமில்லை. பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. ரத்தசோகை வந்தால் பசி இன்னும் குறையும், பசி குறைந்தால் இன்னும் பால் கொடுப்பார்கள். புட்டியை நிறுத்தி டம்ளருக்கு மாற்றினாலே பால் அளவு தானாகக் குறையும். சாப்பாட்டுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் பிஸ்கட், பால், பாக்கெட் ஜூஸ் எதுவும் கூடாது.

பிறகு இடம். ஒரே இடத்தில் உட்கார வைத்து, தட்டில் கொஞ்சமாக வைத்து, தானே எடுத்துத் தின்ன விடுங்கள். பருப்பு சாதம் பிசைந்து உருண்டை பிடித்து வைத்தால் ஒன்றரை வயதிலேயே எடுத்து வாயில் போடும், பாதி தரையில் விழும், கீழே ஒரு பழைய துணி விரித்தால் போயிற்று. 20–30 நிமிடம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். கெஞ்சலும் வேண்டாம், திட்டும் வேண்டாம், அடுத்த வேளைக்குத்தான் இனிச் சாப்பாடு. முதல் மூன்று நான்கு நாள் பெற்றோருக்குத்தான் கஷ்டம். எடை வரைபடம் ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. எடை நின்றுவிட்டாலோ இறங்கினாலோ இந்தச் சோதனையை விட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இரும்புச்சத்துக்கு முட்டை, ஈரல், முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் உடம்பில் நன்றாகச் சேரும். டீ, காபி அதைத் தடுக்கும், "ஒரு வாய்தானே" என்று தாத்தா டம்ளரிலிருந்து தருவதையும் சேர்த்துத்தான். 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இரு முறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் அரசுத் திட்டத்தில் இலவசம். அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள்.

எவையெல்லாம் தொண்டையில் சிக்கும்? சிக்கினால் என்ன செய்வது?

முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முந்திரி, திராட்சை, கடலை மிட்டாய், ஜெல்லி மிட்டாய், கெட்டி முறுக்கு, நுங்கு முழுதாக. கடலை வகையை நான்கு ஐந்து வயது வரை பொடித்தே கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். ஓடிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ படுத்துக்கொண்டோ சாப்பிடும்போதுதான் பெரும்பாலும் சிக்குகிறது. துரத்தி ஊட்டுவதை நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

இருமுகிறது, அழுகிறது என்றால் காற்று போய் வருகிறது. இரும விடுங்கள், முதுகில் தட்ட வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். சத்தமே வரவில்லை, முகம் நீலமாகிறது என்றால் உடனே: பிள்ளையை முன்பக்கமாகக் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லையா, பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கை முஷ்டியை வைத்து, மறு கையால் பிடித்து உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்துங்கள். இரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டே ஒருவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். நினைவு தப்பிவிட்டால் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது, முன்கையில் குப்புறக் கிடத்தி 5 தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் 5 அழுத்தம். பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே வாயில் விரல் விட வேண்டும்.

எதையாவது விழுங்கிவிட்டாலோ குடித்துவிட்டாலோ?

காசை விழுங்கினால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மருத்துவர் சொல்வார். பட்டன் பேட்டரி அப்படியில்லை: உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். ரிமோட், கார் சாவி, எடை பார்க்கும் மெஷின், ஒளிரும் பொம்மை எல்லாவற்றிலும் அது இருக்கும். ஸ்குரு போட்டு மூடும் வகையா என்று பாருங்கள், இல்லாவிட்டால் டேப் சுற்றுங்கள். விழுங்கியது சந்தேகம் என்றாலே எக்ஸ்ரே வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு வயதுக்கு மேல், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். தேன் தேடிக் கடைக்கு அலைய வேண்டாம். மூக்கில் போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

மண்ணெண்ணெய், ஆசிட், பினாயில் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், விரல் விடுவது, எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் வாந்தியோடு நுரையீரலுக்குப் போனால் நிலைமை மோசமாகும், ஆசிட் ஏறும் வழியில் இரண்டாம் முறை எரிக்கும். குடித்த பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். தெருவில் விற்கும் பினாயிலையும் ஆசிட்டையும் பழைய தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலிலும் ஊற்றித் தருகிறார்கள். வீட்டுக்குள் அப்படி ஒரு பாட்டில் வரவே கூடாது. பீரோவில் போடும் பாச்சை உருண்டை, கொசுவிரட்டித் திரவம், எலி பேஸ்ட், வாசலில் நிற்கும் மஞ்சள் அரளியின் காய் இவையும் விஷம்தான்.

கடையில் தரையில் புரண்டு அழுகிறான். கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடுவதா?

அழத் தொடங்கிய பிறகு வாங்கிக் கொடுத்தால், எவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான். அதிலும் பத்து முறை மறுத்துப் பதினோராம் முறை கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம். கொடுப்பதாக இருந்தால் முதல் தடவையே கொடுத்துவிடுங்கள்.

இரண்டு முதல் மூன்று வயதில் அடம் உச்சத்தில் இருக்கும். நினைப்பது நிறைய, சொல்ல வார்த்தை போதாது. வெடித்த பிறகு நியாயம் பேசி எந்தப் பயனும் இல்லை, காதில் ஏறாது. தலை மோதாத இடமாகத் தூக்கிப் போய், பக்கத்திலேயே உட்கார்ந்து, முகத்தில் கோபம் காட்டாமல், அதிகம் பேசாமல் காத்திருங்கள். அடங்கியதும் ஒரு வாய் தண்ணீர், ஒரு அணைப்பு, அடுத்த வேலை. சுற்றி நிற்பவர்கள் "பாவம், ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்களேன்" என்பார்கள். அவர்கள் நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை.

வருமுன் தடுக்க வழி உண்டு. பசியும் தூக்கமும் கூடும் நேரத்தில் கடைக்குக் கூட்டிப் போகாதீர்கள். விளையாட்டிலிருந்து எழுப்பும்போது "வா" என்று இழுக்காமல் "இன்னும் மூணு சறுக்கு, அப்புறம் வீடு" என்று எண்ணிக்கை சொல்லுங்கள். "அஞ்சு நிமிஷம்" என்பது அந்த வயதுக்குப் புரியாது. "சட்டை போடலாமா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்றுதான் வரும், "சிவப்பா, நீலமா?" என்று கேளுங்கள்.

சில பிள்ளைகள் வீறிட்டு அழும்போது மூச்சை அடக்கி, உதடு நீலமாகி, சில நொடி மயங்கியும் விடுவார்கள். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் தானாகத் தெளிந்துவிடும். பக்கவாட்டில் படுக்க வையுங்கள், குலுக்க வேண்டாம், முகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டாம். முதல் தடவை வந்தால் மருத்துவரிடம் காட்டி ரத்த அளவும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்து அதைச் சரிசெய்தால் பல பிள்ளைகளுக்கு இது குறைகிறது.

ஒரு அடி வைத்தால் அடங்கிவிடுகிறானே?

அந்த நேரத்துக்கு அடங்குவான். அடுத்த வாரம் தம்பியை அதே கையால் அடிப்பான். ரிமோட்டைத் தூக்கி எறிந்தால் ரிமோட்டை எடுத்து மேலே வையுங்கள், மதிலிலிருந்து குதித்தால் இறக்கிவிடுங்கள். செய்ததற்கும் விளைவுக்கும் தொடர்பு தெரிய வேண்டும், அடியில் அது தெரிவதில்லை.

போன் இல்லாமல் ஒரு வேலையும் ஓட மாட்டேன் என்கிறது.

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதில் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊர்விட்டு ஊர் இருக்கும் அப்பாவோடும் ஆச்சியோடும் வீடியோவில் பேசுவதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. நிறுத்துவதாக இருந்தால் சாப்பாட்டு நேரப் போனில் தொடங்குங்கள். திரை பார்த்து விழுங்கும் பிள்ளைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. அதோடு வீட்டில் எல்லாரும் அந்த அரை மணி போனை எடுக்காமல் இருக்க வேண்டும். இது பிள்ளையை நிறுத்துவதைவிடச் சிரமம்.

பதினொரு மணிக்கும் தூங்குவதில்லை.

ஒன்று முதல் இரண்டு வயதில் பகல் தூக்கத்தோடு சேர்த்து 11–14 மணி நேரம், மூன்று நான்கு வயதில் 10–13 மணி நேரம். இரவை இழுப்பது பெரும்பாலும் மாலை ஐந்து மணிக்குத் தூங்கி எழுந்ததுதான். பகல் தூக்கம் மூன்றரை நான்கு மணிக்குள் முடியட்டும். காலையில் எழுப்பும் நேரத்தை முதலில் கட்டுப்படுத்துங்கள், இரவு ஒரு வாரத்தில் பின்னால் வரும். அப்பா வேலை முடிந்து ஒன்பதரைக்கு வந்து தூக்கிப்போட்டு விளையாடும் வீடுகளில் அந்த ஆட்டத்தைக் காலைக்கு மாற்ற வேண்டியதுதான், இரவில் கதை மட்டும்.

தூளியை எப்போது நிறுத்த வேண்டும்?

தானே ஏறி இறங்கத் தொடங்கியதும். தொங்கும் புடவைத் தூளியில் நின்று சுற்றிச் சுற்றி முறுக்கி விளையாடும்போது துணி கழுத்தில் இறுகி உயிர் போன சம்பவங்கள் தமிழ்நாட்டில் அவ்வப்போது நடக்கின்றன, ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கும். பிள்ளை தூங்காத நேரத்தில் புடவையைச் சுருட்டிக் கொக்கியிலேயே மேலே கட்டிவிடுங்கள். கழுத்தில் தாயத்துக் கயிறு, நீளமான சங்கிலி போட்டு விளையாட விட வேண்டாம்.

வாக்கர் வாங்கலாமா?

உட்கார வைத்துத் தள்ளும் சக்கர வாக்கர் வேண்டாம். நடையைச் சீக்கிரம் கற்றுத் தருவதில்லை, படியில் உருண்டுவிடும், எட்டாத உயரத்தை எட்ட வைக்கும். கனடாவில் 2004-இலிருந்து விற்கவே தடை. நம் மரத்து நடைவண்டி வேறு: பிள்ளை தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ள வேண்டும். வழுக்கும் டைல்ஸ் தரையில் அது வேகமாக ஓடிவிடும், கீழ்ச் சட்டத்தில் ஒரு சிறு மணல் பையைக் கட்டினால் நிதானமாகும்.

கையைப் பிடித்துச் சுற்றித் தூக்கி விளையாடலாமா?

அக்குளைப் பிடித்துத் தூக்குங்கள், மணிக்கட்டைப் பிடித்து வேண்டாம். ஐந்து வயதுக்குள் முழங்கை எலும்பைப் பிடித்திருக்கும் தசைநார் தளர்வாக இருக்கும், ஒரு சுண்டு இழுப்பில் நழுவிவிடும். படியில் தடுக்கிய பிள்ளையை ஒரு கையால் வெடுக்கென இழுப்பதும் இதில் சேரும். அறிகுறி தெளிவானது: வீக்கம் இருக்காது, ஆனால் அந்தக் கையை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டு அசைக்கவே மாட்டாள். எண்ணெய் தடவி நீவ வேண்டாம், சுளுக்கெடுப்பவரிடமும் வேண்டாம். எலும்பு மருத்துவர் சில நொடியில் ஒரு திருப்பில் சரிசெய்துவிடுவார், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அதே கையால் மிட்டாய் வாங்குவாள்.

டயப்பர் எப்போது விடுவது?

இரண்டு மணி நேரம் உலர்ந்தே இருக்கிறது, போனதைச் சொல்கிறது, டவுசரைத் தானே இறக்குகிறது. இவை வந்தால், அநேகமாக இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், தொடங்கலாம். எழுந்ததும், சாப்பிட்ட பத்து நிமிடத்தில், குளிக்கும் முன் என உட்கார வையுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், வலித்த பிள்ளை அடக்கிக்கொள்ளும். இரவு நனைவது ஐந்து வயது வரை சகஜம்.

நாங்கள் வேண்டாம் என்றால் தாத்தா கொடுத்துவிடுகிறார்.

எல்லாவற்றிலும் ஒத்துப்போக முடியாது. உயிர் சம்பந்தப்பட்ட நான்கைந்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: முழுக்கடலை, வாளித் தண்ணீர், தாத்தாவின் மாத்திரை டப்பா, கேட், ரோடு. ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் பிள்ளைக்கு ஒன்றே போதும், ஆபத்தாகிவிடும். அதைப் பூட்டி வைக்கச் சொல்வதில் மட்டும் சமரசம் வேண்டாம். ஒரு மிட்டாயும் கூடுதலாக ஒரு கதையும் போகட்டும்.

வண்டியில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப் போகலாமா?

கூடாது. பிரேக் அடித்தால் முதலில் மோதுவது அவன் முகம்தான். 2022-இல் அறிவித்து 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிப்படி, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், 9 மாதத்துக்கு மேல் அளவான தலைக்கவசம் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. துப்பட்டாவால் கட்டிக்கொள்வது பட்டைக்கு ஈடாகாது, அவிழ்ந்தால் சக்கரத்தில் சுற்றும்.

கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் கூட்டிப் போகும்போது?

கிளம்பும் முன் அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தேட நேர்ந்தால் காட்டலாம். போன் எண்ணைப் பால்பாயிண்ட் பேனாவால் முன்கையில் எழுதி, மேலே செலோடேப் ஒட்டினால் வியர்வைக்கு அழியாது. பெயரை வெளியே தெரிய எழுத வேண்டாம். "எல்லாரும் பார்த்துக்குவாங்க" என்ற இடத்தில் யாரும் பார்ப்பதில்லை. இப்போது யார் முறை என்று பெயர் சொல்லி ஒப்படைத்து, அவர் "சரி" என்று சொன்ன பிறகு நகருங்கள். மண்டபத்துக்குள் நுழைந்ததும் சமையல் கட்டு, தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி, ஜெனரேட்டர் இந்த நான்கும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.